இடைவேளை வரை சொல்வார்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் டெலிபோன் வைத்திருந்த எல்லோருக்கும் ஆப்பரேட்டர் அக்காவின் குரலைத் தெரியும். முகம் தெரிந்தவர்கள் குறைவு. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் அக்காதான் வருவார். "எந்த நம்பருங்க?" என்று கேட்டு இணைப்புக் கொடுப்பார். கேட்ட நம்பரில் வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால், காத்திருக்கும் நேரத்தில் அடுத்த கேள்வி வரும்.

"சனிக்கெழம சேலம் போறீங்களா? போனா ஒரு படம் இருக்குது. பாத்துப்போட்டு வாங்க."

அது பெரும்பாலும் பேய்ப்படமாக இருக்கும்.

நான் அந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சேலத்தில் பிறந்து, மலைமேல் மஞ்சக்குட்டைக்கு வாழ்க்கைப்பட்டவள். அக்காவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் நடுவே ஒண்டிக்கடை முக்கிலிருந்து சர்ச்சுக்குப் போகும் வழியில் ஒரு ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். நல்ல உயரம். சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர் போட்டிருப்பார், கையை முழங்கை வரை மடித்துவிட்டு. இத்தனை பேய்ப்படம் பார்க்கிற பொம்பளை எப்படித் தனியாகப் படுத்துத் தூங்குகிறாள் என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு ஆச்சரியம். நேராகவே கேட்டவர்களும் உண்டு. "கூட ஆரும் இல்லாததுனாலதானுங்க எனக்கு நிம்மதியாப் பயப்பட முடியுது" என்பார்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பழகிய எனக்கு, ஒயரை எந்தத் துளையில் செருகுவது என்பதைவிட அவர் படம் சொல்லும் முறைதான் முதலில் மனப்பாடம் ஆயிற்று. "நல்ல பேய்ப்படமா ஒண்ணு சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் உடனே பெயரைச் சொல்லிவிட மாட்டார். முதலில் விசாரணை நடக்கும். "உங்களுக்கு எதுன்னா பயமுங்க? இருட்டா, கெணறா, நாயா, மாமியாளா?" அந்தப் பதிலை வைத்துத்தான் படம்.

சட்டென்று திரையில் எதுவோ குதித்து ஆளைத் தூக்கிப்போடும் படங்களை அவருக்குப் பிடிக்காது. "பின்னால போயி பேன்னு கத்துனா எங்கூட்டுப் பூனகூடத்தான் துள்ளும். அதுக்கு எதுக்கு சேலம் வரைக்கும் போவோணும்?" வெள்ளைப்புடவைப் பேய்களை அவர் பேய்க் கணக்கிலேயே சேர்க்கவில்லை. செத்தவளுக்கு யார் சலவை செய்து கொடுத்தது என்று கேட்பார். நல்ல படம் என்றால் பயம் நம்மோடு பஸ் ஏறி வீட்டுக்கு வரவேண்டும். "டிக்கெட் எடுக்காம கூடவே வரோணும், கண்ணு. வந்து அடுப்படியில நிக்கோணும். அதுதான் படம்."

கதையும் சொல்வார். ஆனால் இடைவேளை வரைக்கும்தான். பூட்டிய அறையின் சாவி கிடைக்கிற இடத்தில் குரல் நின்றுவிடும். "மிச்சம் உங்க கண்ணு, உங்க பாடு." யார் கெஞ்சினாலும் அதற்கு மேல் ஒரு சொல் வராது. முழங்கால் வலியால் மலையை விட்டு இறங்காத ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் தினமும் போன் செய்து, அந்த அறையைத் திறந்தார்களா இல்லையா என்று மட்டும் சொல்லச் சொன்னார். அக்கா மசியவில்லை. கடைசியில் கீழே போகிற ஒரு ஜீப்பில் அவருக்கு முன் சீட்டு பேசி ஏற்றி அனுப்பிவைத்தார். வாத்தியார் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, நன்றி சொல்வதற்கென்றே ரிசீவரை எடுத்தார்.

"எந்த நம்பருங்க?"

"நம்பரெல்லாம் வேண்டாமுங்க. நீங்க சொல்லாதது நல்லதாப் போச்சு."

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் இருந்தார். பெரிய மீசை, கனத்த குரல். தனக்கு எதுவுமே பயமில்லை என்று போனில் சவால் விட்டார். அக்கா அவருக்குச் சொன்ன படத்தில் பேயே கிடையாது. ஒரு வீடு, அதில் எப்போதும் சாத்தியே இருக்கிற ஒரு கதவு, அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை முதல் அழைப்பே ரைட்டருடையது. நம்பர் கேட்கவில்லை.

"ஏனுங்க, எங்கூட்டு சரக்கு ரூம் கதவ எம்பட சம்சாரம் சாத்தி வெச்சுட்டாளுங்க."

"தொறந்து வெக்கச் சொல்லுங்க."

"சொல்லிப்போட்டேன். எதுக்குன்னு கேக்கறா. என்னன்னுங்க சொல்றது?"

அக்கா வாய்விட்டுச் சிரிக்கவில்லை. அவர் யாருடைய பயத்தையும் கேலி செய்து நான் கேட்டதில்லை. "காத்தோட்டமா இருக்கட்டும்னு சொல்லுங்க" என்று சொல்லி, இணைப்பை மெதுவாகத் துண்டித்தார்.

படம் வேண்டாம் என்று அவர் சொன்னதும் உண்டு. பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த ஒரு பெண், இரண்டு மாதம் கழித்து, செத்தவர்கள் திரும்பி வருகிற படம் ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டாள். அந்த வாரம் அப்படி ஒரு படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்காவே அதைப் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் புகழ்ந்திருந்தார். "இல்லீங்களே, இந்த வாரம் ஒண்ணும் செரியில்ல. ஒரு சிரிப்புப் படம் இருக்குது, நானும் வர்றேன், ரண்டு பேரும் போலாம்" என்றார். சிரிப்புப் படம் அவருக்கு ஆகாது. நெளிந்துகொண்டே மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்ததாக அந்தப் பெண்ணே பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

அவர் போகும் சர்ச்சில் பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேய்ப்படங்களைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். பெயர் சொல்லவில்லை என்றாலும் எல்லாத் தலையும் அக்கா இருந்த பெஞ்சுப் பக்கம் திரும்பியதாம். ஆராதனை முடிந்ததும் அக்கா நேராகப் போய் அவருக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு, "ஐயா, போன மாசம் நீங்க நரகத்தப் பத்திப் பேசுனப்ப பின்னால நாலு பேரு தூங்குனாங்க. எரியற நெருப்ப அவசரப்பட்டு மொதல்லயே காட்டிப்போட்டீங்க. கொஞ்சம் காக்க வெச்சிருக்கோணும்" என்றார். பாஸ்டர் கோபப்படவில்லை. அடுத்த முறை நரகத்தைப் பற்றிப் பேசியபோது நெருப்பு கடைசியில்தான் வந்தது என்றும், ஒருவரும் தூங்கவில்லை என்றும் அக்கா பெருமையாகச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போவார். வழிநெடுகிலும் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போது முன் சீட்டுக் கம்பியை விடமாட்டேன். அதற்கும் மேலே பேய்ப்படம். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் போய், பாதிப் படத்துக்கு மேல் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். அக்கா கண்ணைச் சிமிட்டாமல் பார்ப்பார். உச்சக்கட்டம் வரும்போது மட்டும் ஒரு வினாடி திரையை விட்டுவிட்டு ஜனங்களைத் திரும்பிப் பார்ப்பார். "இத்தன பேரும் ஒண்ணா மூச்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க பாரு. கோயில்லகூட இப்பிடி இருக்க மாட்டாங்க" என்று என் காதருகே சொல்வார். பொத்தியிருந்த காதில் அது மட்டும் விழும்.

என் கணவரின் தங்கை கோமதி அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் நன்றாகப் படித்த பெண். சேலத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வீட்டில் வேறு முடிவு எடுத்திருந்தார்கள். செம்மநத்தத்தில் அத்தையின், அதாவது என் மாமியாரின், தம்பிக்கு மனைவி இறந்து, இரண்டு சின்னப் பிள்ளைகள். கோமதியை அவருக்குக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் வேற்றாள் கையில் சீரழியாது என்பது அத்தையின் எண்ணம். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. கோமதியிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவள் அழுதாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். "எல்லாம் செரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு அவரவர் மிளகு பறிக்கப் போய்விட்டார்கள்.

மனசு கொஞ்சம் மாறட்டும் என்று ஒரு சனிக்கிழமை அவளையும் எங்களோடு கூட்டிப்போனேன். பஸ்ஸில் அக்கா வழக்கமான விசாரணையைத் தொடங்கினார்.

"உனக்கு எதுன்னா பயம், கண்ணு?"

கோமதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாஞ்சொல்றது கடேசி வரைக்கும் ஆரு காதுலயும் உழுகாமயே போயிருமோன்னு பயமுங்க."

சேலத்தில் இறங்கியதும் அக்கா பார்ப்பதாக இருந்த படத்தை மாற்றிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு தியேட்டருக்கு எங்களைக் கூட்டிப்போனார். அதன் பின்பாதியில் நான் வழக்கம்போல முந்தானைக்குள் இருந்தேன்.

அதற்குப் பிறகு சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நிச்சயம் பேச வருவதாகச் சொல்லி அந்தத் தாய்மாமன் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். எல்லோருக்கும் கோமதிதான் பரிமாறினாள். பரிமாறி முடித்ததும் இடது கையில் இன்னொரு தட்டை எடுத்து, தாய்மாமனுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள். அதில் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். பிறகு வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"ஆருக்குடி அது?" என்றார் அத்தை.

கோமதி திரும்பாமல் சொன்னாள். "அவர்கள் இன்னும் சாப்பிடவில்லை."

குரல் அவளுடையது இல்லை. இழுத்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னாள். எங்கள் வீட்டில் யாரும் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. தாய்மாமன் வாயில் போட்ட சோற்றை விழுங்காமல் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அதே தட்டு, அதே சொல். திட்டினால் அசையமாட்டாள், உலுக்கினால் பார்வை எங்கோ நிற்கும். தானும் சாப்பிடுவதில்லை. வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் பின்கட்டுக்குத் தனியாகப் போகவே நடுக்கம். மலையடிவாரத்தில் உடுக்கை அடித்துப் பேயோட்டுகிற பூசாரி ஒருவரை வெள்ளிக்கிழமை வரச்சொல்லி மாமனார் ஆள் அனுப்பினார். அந்த ஆள் சாட்டையால் அடிப்பவர். பக்கத்து ஊரில் அவர் ஓட்டிய ஒரு பெண் ஒரு மாதம் பாயில் குப்புறத்தான் படுத்திருந்தாள்.

எக்ஸ்சேஞ்சில் அக்காவிடம் இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையில் ஒயரோடு அப்படியே நின்றார்.

"தட்ட எந்தக் கையில வெக்குது?"

"எடது கையிலங்க."

"வாசலுக்கு முதுகு காட்டித்தான் உக்காருதா?"

"ஆமாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாளைக்கு மத்தியானம் நான் வர்றேன். சாப்பாட்டு நேரத்துக்கு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஷேர் ஜீப்பில் வந்து இறங்கினார். அத்தை ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். போன்கார அம்மாவுக்குப் பேயைப் பற்றி எல்லாம் தெரியும் என்று மலையில் பேச்சு இருந்ததே. "வாங்க அம்மிணி. நீங்களாச்சும் பாத்துச் சொல்லுங்க. எம்புள்ள எனக்கு வேணுமுங்க" என்றார். தாய்மாமனும் வந்திருந்தார். இந்த முறை கதவோரமாக உட்கார்ந்திருந்தார்.

கோமதி தட்டு வைத்தாள். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். "அவர்கள் இன்னும் சாப்பிடவில்லை."

அக்கா அவள் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவரும் குரலை மாற்றிக்கொண்டு, அதே நிதானத்தில், அதே பேச்சில் கேட்டார்.

"யாருக்காக அம்மா காத்திருக்கிறீர்கள்?"

கோமதியின் இமை ஒருமுறை துடித்தது. பக்கத்திலிருந்த நான் மட்டும் பார்த்தேன். "நெடுங்காலமாகக் காத்திருக்கிறேன்" என்றாள்.

அக்கா நகர்ந்து இன்னும் கிட்டே போனார். "சரி. இப்போது எங்கே போகவேண்டும் என்று விரும்புகிறீர்கள்?"

அவள் வாய் திறந்தபடி நின்றது. அக்கா அவசரப்படுத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கோமதியின் கண்ணில் நீர் கட்டியது.

"கீழ" என்றாள். அது அவளுடைய சொந்தக் குரல். "கீழ போயிப் படிக்கோணும். எனக்குக் கல்யாணம் வேண்டாம். அடிச்சாலும் வேண்டாம்."

அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு அத்தையிடம் திரும்பினார்.

"ஏனுங்கம்மா, பூசாரிய வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. இது அடிச்சுப் போறதில்ல. அது கேட்டதக் குடுத்தாத்தான் போகும்."

"உங்களுக்கு நல்லாத் தெரியுமுங்களா?" என்றார் மாமனார்.

"இந்த மாதிரி நான் எத்தனையோ பாத்திருக்கேனுங்க."

"கெட்டதுங்களா அது?" என்று அத்தை தட்டைக் காட்டிக் கேட்டார்.

"இல்லீங்க. கெட்டதா இருந்தா இத்தன மரியாதையாப் பேசாது."

"அப்பறம் என்ன ஆகுமுங்க? முடிவு என்ன?"

"அத மட்டும் நான் ஆருக்குமே சொல்றதில்லீங்க" என்றார் அக்கா.

கதவோரம் இருந்த தாய்மாமன் எழுந்துகொண்டார். அக்காவையும் கோமதியையும் பார்க்காமல் என் அத்தையிடம் சொன்னார். "எனக்கு வேண்டாமுங்க்கா. புள்ள படிக்கட்டும். என்ர ஊட்டுல ரண்டு கொழந்தைங்க இருக்குது. இத அங்க கொண்டு வர முடியாது."

ஜீப் நிற்கும் இடம் வரை அக்காவோடு நடந்தேன். காப்பிச் செடிகளுக்கு நடுவே பாதி தூரம் போனதும் நின்று என்னைப் பார்த்தார்.

"அன்னிக்குப் படத்துல இடவேளைக்கு அப்பறம் ஒரு தடவையாச்சும் முந்தானைய எடுத்தியா, கண்ணு?"

"இல்லீங்க."

"எடுத்திருந்தீன்னா இத்தன நாளு பயந்திருக்க மாட்டே. தட்டு, எடது கை, அந்தப் பேச்சு, எல்லாம் அதுல இருக்குது. கதாநாயகி பேசறா. நான் கேட்டனே மொதக் கேள்வி, அதுகூடப் படத்துல வேலைக்காரக் கெழவி கேக்கறது. ரண்டாவது கேள்விதான் என்னோடது. அதுக்குப் பதில் படத்துல இல்ல. அந்தப் புள்ளயா சொல்லோணும்."

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தெரிஞ்சேதான் அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"படத்தச் சொன்னது நானு. மிச்சம் அந்தப் புள்ளையோட புத்தி" என்றார். பிறகு ஜீப்பில் ஏறும் முன், வேலை சொல்வதுபோலச் சொன்னார். "ஒரேடியா நிறுத்திர வேண்டாம்னு சொல்லு. மொதல்ல ராத்திரிச் சோத்துக்குத் தட்டு வெக்காம உடட்டும். அப்பறம் மத்தியானம். நடிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கண்ணு மட்டும் அப்பப்ப சோத்தப் பாக்குது. தட்டு வெக்கறதுக்கு முன்னாடி அடுப்படியிலயே ரண்டு வாயி தின்னுக்கச் சொல்லு."

பேய் பத்து நாளில் படிப்படியாக விலகியது. கோமதி சேலம் போனாள், படித்தாள், டீச்சரானாள். உடன் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். தாய்மாமனுக்கு அவர் ஊர்ப் பக்கத்திலேயே நல்ல பெண் கிடைத்தாள். எல்லாம் சரியாகத்தான் முடிந்தது, அத்தையைத் தவிர. அவர் அந்தத் தட்டை மறக்கவில்லை. ஒவ்வொரு அமாவாசையும் ஒரு தட்டில் சோறு வைத்து, அதன் முன்னால் தலைகுனிந்து நின்று, "எம்புள்ளைய உட்டுப் போனவிங்க போனபடியே இருக்கோணும்" என்று வேண்டிக்கொள்வார். கோமதிக்குக் குழந்தை பிறந்தபோது மூன்று நாள் தூங்கவில்லை. சொல்லிவிடலாம் என்றால் கோமதி கையைப் பிடித்துக்கொள்வாள். "அம்மா நம்மகிட்டப் பேசவே மாட்டா அண்ணி." அத்தை இப்படி இருக்கிறார் என்று நான் அக்காவிடம் மட்டும் அவ்வப்போது சொல்வேன். அவர் கேட்டுக்கொள்வார்.

தொண்ணூறுகளில் எக்ஸ்சேஞ்ச் தானாகவே இணைப்புக் கொடுக்க ஆரம்பித்தது. எங்களுக்கு மேஜை வேலை வந்தது. அக்கா சலித்துக்கொள்ளவில்லை. சாயங்காலமானால் ஒண்டிக்கடையில் புதிதாக வந்திருந்த வீடியோ கேசட் கடையில் போய் நிற்பார். யார் எந்தக் கேசட்டை எடுத்தாலும், "உங்களுக்கு இது ஆவாதுங்க, அத எடுங்க" என்பார். முதலில் முகத்தைச் சுளித்த கடைக்காரர் பிறகு அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்.

ஒரு பொங்கலுக்குக் கோமதி பிள்ளைகளோடு வந்திருந்தாள். என் கணவர் கடையிலிருந்து வீடியோ டெக்கும் கேசட்டுகளும் வாடகைக்கு எடுத்து வந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். ஒரு கேசட்டைக் காட்டி, "இத போன்காரம்மா குடுத்தாங்க. அம்மாவுக்குன்னு தனியாச் சொல்லிக் குடுத்தாங்க" என்றார்.

எழுத்து ஓடியதும் கோமதி என்னைப் பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த முறை நான் முந்தானையைத் தொடவில்லை. படத்தைப் பார்க்காமல் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடம் வந்தது. கதாநாயகி இடது கையால் தட்டை வைத்தாள். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். "அவர்கள் இன்னும் சாப்பிடவில்லை" என்றாள்.

கிழவி கேள்வி கேட்டாள், கதாநாயகி பதில் சொன்னாள். அத்தை அடுப்படியின் பக்கம் ஒருமுறை திரும்பினார். கோமதி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுபடி திரையைப் பார்த்தார். படம் முடிந்து, கேசட் தானாகச் சுற்றி நின்றது.

அத்தை சத்தமாகச் சொன்னார். "நம்ம கோமதி இவளவிட நல்லாப் பண்ணா."

கோமதி அங்கேயே சரிந்து உட்கார்ந்து அழுதாள். அத்தை எழுந்து போய் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு அதே இடத்தைத் தடவிக்கொடுத்தார். "வாயத் தொறந்து சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், சாமி. அது எனக்கும் தெரியும்" என்றார்.

கேசட்டைத் திருப்பிக் கொடுக்க நானே போனேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கோ ஒரு படத்தின் முன்பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை காத்திருந்தேன்.

"எதுக்குங்க்கா குடுத்தீங்க? அத்தை ஏதாச்சும் ஏடாகூடமா எடுத்துட்டிருந்தா?"

"அந்தப் புள்ளைக்கு இப்ப ஒரு கொறையும் வராது. உங்கத்தையத்தான் இத்தன வருசமா இடவேளையிலயே உக்கார வெச்சிருந்தோம். அது செரியில்ல, கண்ணு" என்றார். "கண்ண மூடாமப் பாத்தாங்களா?"

"ஒரு தடவகூட மூடல."

அக்காவின் முகம் மலர்ந்தது. நல்ல பார்வையாளர் ஒருவர் கிடைத்துவிட்டால் அவருக்கு வருகிற முகம் அது. "சனிக்கெழம மத்தியான ஆட்டத்துக்கு அவங்களக் கூட்டிட்டுப் போறேன். நீ வர வேண்டாம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை அத்தை வெள்ளென எழுந்து குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, பஸ்ஸில் முன் சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். பொழுது சாய வந்து இறங்கினார். எந்தப் படம், என்ன கதை என்று நான் கேட்டபோது, சுடுதண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, சமையற்கட்டு விளக்கை அணைக்கப் போன என்னைத் தடுத்தார்.

"அது எரியட்டும்" என்றார். "திங்கக்கெழம வேலைக்குப் போறப்ப, அடுத்த வாரம் எந்தப் படம்னு அந்தம்மாகிட்டக் கேட்டுட்டு வா."